முன்னறையைப் பிடிக்க வாங்கிய மலைப்பாம்பு

கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு இருங்கோ. குசினியில் மனிசி சமைத்துக்கொண்டு நிற்கிறாள். உரத்துச் சொல்லேலாது.

லண்டன் மனோர் பார்க்கில் எங்களுடைய வரிசை வீட்டில் மனிசன் கால் நீட்டக்கூடிய இடம் முன்னறை ஒன்றுதான். டிவியும் வீடியோ டெக்கும் அங்கேதான். சனிக்கிழமை பின்னேரம் வாடகைக்கு எடுத்த படக் கசெட் ஒன்று, ஒரு கோப்பை ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு போத்தல், பக்கத்தில் சிநேகிதன் பாலேந்திரா. கிழமை முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவனுக்கு வேறு சொர்க்கம் ஏது? அந்தச் சொர்க்கத்தை என் மனிசி தவநாயகி பஜனைக்குக் கொடுத்துவிட்டாள்.

சனி தவறாமல் செல்வமலர் தலைமையில் ஒரு படை வந்து இறங்கும். நான் சாய்கிற செற்றியில் ஆர்மோனியம் இருக்கும். நானும் பாலேந்திராவும் குசினியில் நிற்போம். வாய் திறக்கேலாது. கடவுளோடு வழக்காடி வென்ற புருசன் ஊரிலும் இல்லை, லண்டனிலும் இல்லை.

ஒருநாள் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்கையில் தீர்மானம் எடுத்தேன். கடவுளைக் கிளப்பேலாது. பக்தர்களைக் கிளப்பலாம். ஒரு மலைப்பாம்பு வாங்குவது.

பாலேந்திராவுக்கு அங்கேயே வேர்த்துவிட்டது.

"அண்ணை, நாய் ஒண்டு வாங்குங்கோவன்."

"நாய்க்குச் செல்வமலர் பிஸ்கட்டைக் குடுத்து மடக்கிப்போடுவா. பாம்புக்கு என்னத்தைக் குடுப்பா?"

இப்படிக் கேட்டவன் நான்தான். இதை ஞாபகம் வைத்திருங்கோ.

பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் ஒரு பிராணிக் கடை. கை முழுக்கப் பச்சை குத்திய வெள்ளைக்காரப் பெடியன் நின்றான். பெண் பார்க்கப் போனவன் மாதிரி நானும் விசாரித்தேன். உயரம் எவ்வளவு, குணம் என்ன, சாப்பாடு எப்படி. பெரியது ஒன்று காட்டினான், கூரைப் பீலிக் குழாய் பருமன். அதை வைத்திருந்தால் நாங்கள் வேறு வீட்டுக்கு வாடகைக்குப் போகவேண்டும். சின்னது ஒன்று, பயற்றங்காய் மாதிரி. அதைக் கண்டு பெண்டுகள் ஓடாது, கறிக்கு வெட்டிவிடும். நடுத்தரத்தில் இரண்டு இருந்தன. முதலாவது என்னைக் கண்டதும் கண்ணாடியில் 'டக்' என்று மோதியது. அந்தக் குணம் எனக்குப் புதிதில்லை, ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருக்கிறது. மற்றது கை கிட்டப் போனதும் பந்தாய்ச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. ஆபிரிக்கச் சரக்காம். கடிக்காதாம். பயம் வந்தால் இதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தையாம்.

பார்த்ததும் மனம் ஒட்டிவிட்டது. தவநாயகி குரலை உயர்த்தினால் நானும் அப்படித்தான்.

கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு, உறைந்த எலிப் பொதி ஒன்று, எல்லாத்தோடும் வந்து முன்னறையில் இறக்கினேன். தவநாயகி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கத்தவில்லை.

"என்னப்பா இது?"

"வெங்கிணாந்தி, மலைப்பாம்பு. இந்த அறையிலைதான் இருக்கவேணும், வேறை இடத்துக்கு மாத்தேலாது. பாட்டுச் சத்தம் கேட்டா விசர் பிடிக்குமாம்."

அவள் குனிந்து பாம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாம்பைவிட என்னைத்தான் கனநேரம் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள்.

இருபது வருசக் கலியாணத்தில் அவள் உடனே சரி சொன்னது அன்றுதான். அந்த இடத்திலேயே பாம்போடு திரும்பி ஓடியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. போத்தலை ஒளித்துக்கொண்டு நானும் பாலேந்திராவும் மாடிப்படியில் குந்தியிருந்தோம். படை உள்ளே போனது. கூக்குரலுக்குக் காதைத் தீட்டினேன். மணிச்சத்தம் கேட்டது. சாம்பிராணி மணத்தது. இறங்கிப்போய் எட்டிப் பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு மல்லிகைச் சரம். முன்னால் கிண்ணத்தில் பால். சுருண்டு கிடந்த என் பாம்பு கருங்கல்லில் கொத்திய சிலை மாதிரி அசையாமல் கிடக்கிறது. செல்வமலரின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. தவநாயகி சொல்லிக்கொண்டிருக்கிறாள்:

"நயினாதீவிலை அம்மாளின்ர காலடியிலை பிறந்து வளந்தனான். இவ்வளவு தூரம் தேடி வந்திட்டா. இவரின்ர கனவிலைதான் வந்து கேட்டவ. இவர் விடியவே ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர்."

நாகபூசணி அம்மன் இருக்கிற தீவில் பெண் எடுத்தவன், பாம்பைக் காட்டி அவளை வெருட்டப் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பெண்டுகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வமலர் எழும்பி வந்து என்னைக் கும்பிட்டா. கனவு காணவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் பாம்பு வாங்கினாய் என்று கேட்பார்களே. நானும் கும்பிட்டேன்.

அன்று அந்த வீட்டில் கூக்குரல் வைத்தது ஒரே ஒரு ஆள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த பாலேந்திரா. ஒற்றைச் சப்பாத்தோடு ஓடியவன்தான், மற்றச் சப்பாத்தை எடுக்கக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளியும் பூசை. நோர்பரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கலியாணம் பொருந்தாத பெட்டைகளின் தாய்மார் வந்தார்கள். அம்மாள் இருக்கிற வீட்டில் மச்சம் மாமிசம் ஆகாது என்று ஆட்டிறைச்சி நின்றது. போத்தலைத் தவநாயகியே சிங்கில் ஊற்றினாள், அபிசேகம் மாதிரி நிதானமாக. டிவி மாடியில் பெட்டி அடுக்குகிற அறைக்குப் போனது, டெக்கைச் செருகப் பிளக் இல்லை. நான் வேட்டி கட்டித் திருநீறு கொடுத்தேன்.

கடைசியில் தாங்கேலாமல் நேற்றுக் குசினிக்குப் போனேன்.

"இஞ்சாரும், உண்மையைச் சொல்லுறன். அது ஆபிரிக்காப் பாம்பு. படமே எடுக்காது. நாகமில்லை."

கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரியும். நயினாதீவிலை நான் பாக்காத நாகமே?"

"அப்ப ஏன்..."

"நீங்கள் ஏன் வாங்கினீங்கள் எண்டும் தெரியும். நாளைக்கு எல்லாரும் வருவினம். நாகமில்லை எண்டு சொல்லுங்கோ. கனவும் பொய் எண்டு சொல்லுங்கோ. பஜனையைக் கலைக்க வாங்கினது எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. செல்வமலரைக் கிட்ட இருத்திவிடுறன்."

நான் சுருண்டேன். தலையை உள்ளே ஒளித்தேன்.

தவநாயகி பிரீசரைத் திறந்தாள். பொதியிலிருந்து ஒரு எலியை எடுத்து, ஐஸ் இளகட்டும் என்று என் உள்ளங்கையில் வைத்தாள். மற்றக் கைக்குச் சோற்றுக் கோப்பையைத் தந்தாள்.

"அம்மாளுக்கு மச்சம் விலக்கில்லை. உங்களுக்குப் புடலங்காய்."