பதினெட்டடிக் கூடம்

யுத்த காலம். அந்த ஆண்டு ராசிபுரத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸுக்குக் கரிகூடக் கிடைக்கவில்லை. மனையடி குழந்தைவேல் சாமியார் மட்டும் தாராளமாகக் கிடைத்தார். வாடகை வீட்டில் இருப்பதா, சொந்த வீடு வாங்குவதா என்று கேட்க அவர் வாசலில் கூட்டம் நெரிந்தது. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட புதுப் பருத்திக் கயிறு ஒன்று வைத்திருந்தார். அதை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் ‘புனிதப்படுத்தி’க் கூடத்தை அளப்பார். பதினாறு அடியென்றால் செல்வம். பதினெட்டு என்றால் இருப்பதும் போகும்.

ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆசை. ஆனால் வரிசையில் முதல் ஆள் நான். தொழில், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தை அளந்தார். “பதினெட்டு! ஓடிப்போயிருங்க வாத்தியாரே!”

காளியப்பன் விற்க வைத்திருந்த வீட்டை அளந்தார். “பதினாறு! குபேரன் ஊடு!”

குபேரன் வீட்டில் கரையான் குடியிருந்தது. சுவர் தொட்டால் உதிர்ந்தது. அதனாலென்ன? நீளம் சரியாக இருந்ததே! முன்பணத்துக்காக என் மனைவி சென்னியம்மாளின் இரண்டு எருமைகளையும் விலைபேசிவிட்டேன். சம்பளம் வராத மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அவற்றின் நெய்தான்.

எருமைகளைப் பிடித்துப்போக வியாபாரி வந்த காலையில், அடுத்த வீட்டை அளக்கப் போகிற வழியில் சாமியாரும் ஈரக் கயிறும் கூட்டமுமாக வந்து சேர்ந்தார்.

“ஏனுங்க சாமி, எங்கூட்டை இன்னொருக்கா அளங்க” என்றாள் சென்னியம்மாள்.

“ஒரு ஊட்டை ஒருக்காத்தான் அளக்கோணும். மறுக்கா அளந்தா மனைத்தெய்வம் கோவிச்சுக்கும்.”

“அப்ப ஊடு வேண்டாமுங்க. கயித்தை அளக்கலாமா? அதுக்குமா தெய்வம்?”

கூட்டம் சிரித்தது. அவள் என் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்து முடிச்சுக்கு முடிச்சு வைத்தாள். பதினொன்றேகால் அங்குலம்.

“ஏனுங்க, உங்க பள்ளிக்கூடத்துல அடிக்கு எத்தனை அங்குலமுங்க?”

நான் கூரையைப் பார்த்தேன்.

“ஜலகண்டாபுரத்துத் தறிக்காரன் மககிட்ட ஈர நூலைக் காட்டலாமுங்களா?” என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு, கயிற்றைத் தெருவில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாவு இழுப்பதுபோல இழுத்துக் கட்டினாள். மதியம் காய்ந்தது. முடிச்சுக்கு முடிச்சு பன்னிரண்டு அங்குலம். அதில் அளந்தால் எங்கள் கூடம் பதினேழு அடி. குபேரன் கூடம் பதினைந்து.

சங்கதி இதுதான். முறுக்கிய நூல் நனைந்தால் பருக்கும். பருத்த இழையைச் சுற்றிவர நீளம் கூடுதலாகச் செலவாகும். ஆகவே கயிறு குறுகும். முடிச்சுகள் நெருங்கும். வீடு ஓரடி வளரும்! எவ்வளவு அழகாக விளக்குகிறேன் பாருங்கள், இன்னொருத்தி கண்டுபிடித்த பிறகு.

“ஊடு வித்தா காளியப்பன் நூத்துக்கு அஞ்சு தர்றேன்னாருங்க…” என்று முனகிய சாமியார், “வாரேனுங்க” என்று நழுவினார். வியாபாரியும் வெறுங்கையோடு போனார். நாங்கள் வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

கூட்டம் கலையவில்லை. ஒருவர் கைகூப்பினார். “அம்மா, காஞ்ச கயித்துல எங்கூட்டுக்கும் ஒரு பலன் சொல்லுங்க!”

“செவுத்தைத் தட்டிப் பாருங்க. உத்திரத்துல கரையானைத் தேடுங்க. வாடகை எத்தனை, கடன் வட்டி எத்தனைன்னு கூட்டிப் பாருங்க. இதுக்கு மேல பலன் கேட்டா, உங்களையும் இந்தக் கம்பத்துல கட்டிக் காயப்போட்டுருவேன்!”

ஐயா, தலைக்குள் இருப்பதை அவ்வப்போது வேலைக்கு விடுங்கள். நான் நாற்பது வயதில்தான் விட்டேன். ஒன்றும் தேயவில்லை.