நாற்பதாவது நாற்காலி

"நாற்பதே நாற்பது பேர்தானாம்!" என்று கேப்டன் கைப்பேசியைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டார். "ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச் சேர்ந்தப்புறம் நாற்பது கேப்டனுக்குத்தான் இடமாம். மத்தவங்கெல்லாம் துணை விமானியா வலது பக்கம் போய் உக்காரணுமாம்."

"நீங்க எத்தனாவது?" என்றாள் மனைவி, அவருடைய சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டபடி.

"நம்ம பட்டியல்ல ஒன்பதாவது. அவங்க பட்டியலோட கலந்தா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

கேப்டன் ஓட்டியது சின்னக் கம்பெனியின் விமானம். அதை விழுங்கிய பெரிய கம்பெனியில் மனைவியின் தம்பியும் கேப்டன். ஆனால் அத்தானுக்கு அவன் என்றைக்குமே பொடியன்தான். பதினாறு வருடமாக 'டேய்' என்று கூப்பிட்டு, வீட்டுக்கு வந்தால் கடைக்கு விரட்டி, கார் துடைக்க வைத்துப் பழகிவிட்டார். அவன் இடது பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, இவர் வலது பக்கத்திலிருந்து, "சக்கரத்தைத் தூக்கட்டுமா சார்?" என்று கேட்பதா? அதுதான் அவருடைய முதல் கவலை. தோளில் இருக்கும் நாலு பட்டை மூன்றாகும், சம்பளம் பாதியாகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யோசனைகள் வரவேற்கப்படும் என்று இணைப்புக் கமிட்டி தெரியாத்தனமாக அறிவித்திருந்தது. கேப்டன் உடனே ஒரு மனு போட்டார். பறந்த மணிக்கணக்கை வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்றார். கமிட்டி அப்படியே கூட்டிப் பார்த்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறப்பவர்கள். கேப்டன் எண்பத்தேழாவது இடத்துக்குப் போனார்.

"சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டாவது மனுவில், வேலைக்குச் சேர்ந்த தேதிதான் நியாயம் என்றார். ஐம்பத்திரண்டு. மூன்றாவது மனுவில், பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால்தான் தர்மம் என்றார். அதற்குப் பழைய கடிதம் வேண்டும். வீட்டுக் காகிதங்கள் எல்லாம் மனைவியின் பீரோவில் இருந்தன.

"தொடாதீங்க! கலைச்சுப் போட்டுடுவீங்க. நானே எடுத்துத் தர்றேன்" என்று ஓடி வந்து, ஒரே ஒரு தாளை உருவிக் கொடுத்துவிட்டுப் பூட்டினாள்.

கடிதம் வேலை செய்தது. கேப்டன் நாற்பதாவது! மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தவரை மச்சினனின் அழைப்பு மடக்கியது.

"அத்தான், நானும் நாற்பதாம்! நாம ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கோம்."

"ஒரு நாற்காலியில ரெண்டு பேர் எப்படிடா உக்கார்றது?"

"சீட்டுக் குலுக்கிப் போடப் போறாங்களாம்."

கேப்டனுக்குச் சீட்டில் நம்பிக்கை கிடையாது. பள்ளிக்கூடத்தில் டாஸில்கூட ஜெயித்ததில்லை. நாலாவது மனு பிறந்தது: ஒரே தேதி என்றால் வயதில் மூத்தவருக்கே இடம்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்தினாள். "வயசெல்லாம் எதுக்குங்க இதுல? சீட்டே குலுக்கட்டுமே."

"தம்பி தோத்துடுவான்னு பயமா? நீயே என்னைவிட மூணு வயசு சின்னவள்னு கல்யாணத்தப்பவே உங்கப்பா சொன்னாரு. அவன் உனக்கும் சின்னவன். இந்தத் தடவை எவனாலயும் என்னை அசைக்க முடியாது!"

சட்டைக் கை கருகியது. அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், தம்பிக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று கேப்டன் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகப் பலகையில் பட்டியல் தொங்கியது. நாற்பது, கேப்டன். நாற்பத்தொன்று, மச்சினன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த தூக்கமும் பசியும் அந்த நிமிடமே திரும்பி வந்தன. உடனே மச்சினனைக் கூப்பிட்டார்.

"மனசை விட்டுடாதடா. உனக்கும் காலம் வரும்."

"பரவாயில்ல அத்தான். நீங்க பெரியவங்க" என்றான் அவன், ரொம்பப் பணிவாக.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பணியாளர் பிரிவுக்குக் கையெழுத்துப் போடப் போனார். அங்கிருந்த குமாஸ்தா அம்மாள் கோப்பை நீட்டினாள்.

"குடுத்து வெச்சவர் சார் நீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி விட்டுக்குடுப்பா?"

"விட்டுக்குடுக்கறதா? விதிப்படி மூத்தவனுக்குத்தான் இடம். நான் மூத்தவன்."

"இல்லையே சார்." அவள் ஒரு தாளைப் புரட்டினாள். "அவர்தான் உங்களைவிடப் பதினாலு மாசம் பெரியவர். இதோ, பிறந்த தேதி. 'அக்கா உத்தரவு, எனக்கு வேண்டாம், இந்த இடம் அத்தானுக்கே'னு எழுதிக் குடுத்துட்டார்."

கேப்டனின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

குமாஸ்தா அம்மாள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆமா, தம்பியே உங்களைவிட மூத்தவர்னா, உங்க வீட்டம்மாவுக்கு என்ன வயசு சார்?"