பாம்பு கடிச்ச மல்லிகாவும் மார்ச் மாசக் கடுதாசியும்

தேயிலைத் தோட்டம், ஐந்தாம் லைன் வீடுகள்,
தானா ராத்தா வட்டாரம்.
புதன்கிழமை, ஆகஸ்டு 1983

மதிப்பிற்குரிய மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை வடிவம்மாளின் வீட்டுக்காரன் ரெங்கசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வடிவும் மழையும் நலம். ஈப்போவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாய் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு, உடனே விஷயத்துக்கு வருகிறேன். வடிவு பக்கத்து வீட்டில் அம்மாக்கண்ணுவோடு உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அந்த வேலை முடிவதற்குள் நான் இந்தக் கடுதாசியை முடித்தாக வேண்டும்.

மச்சான், என் மானம் இப்ப உங்க கையில. சர்க்கரை வியாதியில வடிவுக்குக் கண்ணு போயி நாலு வருஷமாச்சு, அன்னையிலருந்து அவளுக்கு நான்தான் பேப்பர், நான்தான் கடுதாசி, நான்தான் காலண்டர்னு தாங்கள் அறிந்ததே. பேக்டரியில ரிட்டையர் ஆனதும் மத்தவனெல்லாம் என்ன செய்யிறதுன்னு முழிக்கிறான், எனக்கு மட்டும் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உத்தியோகம் இருந்துச்சு. அதுல மண்ணைப் போட வந்துச்சு பாருங்க ஒரு பெட்டி! தானா ராத்தாவுல கத்தரீன் டீச்சர்னு ஒரு அம்மா. கண்ணு தெரியாதவங்களுக்காகத் தமிழ்ப் பேப்பரை முழுசா வாசிச்சு கேசட்டுல புடிச்சுக் கொடுக்குது. போன வாரந்தான் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்துருச்சு. பாட ஒரு பித்தான், அதுல சட்டைப் பட்டனை ஒட்டி வச்சிருக்கு. நிறுத்த ஒரு பித்தான், அதுல தீக்குச்சி. கேசட்டுல நூலு முடிச்சு, திங்களுக்கு ஒண்ணு, செவ்வாய்க்கு ரெண்டு. வடிவு அரை மணி நேரத்துல கத்துக்கிட்டா. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிஞ்சும் இன்னும் புடிபடல.

சரி, பேப்பர்தானே, கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ஒரு தொடர்கதை வருது மச்சான், மல்லிகான்னு ஒரு பொண்ணு வாராவாரம் அழும். வடிவுக்கு அது உசுரு. வடிவு கேட்டுட்டு அம்மாக்கண்ணுக்குச் சொல்லுவா, அம்மாக்கண்ணு லைன் பூரா சொல்லும். எனக்கு வாசிச்சு வாசிச்சுத் தொண்டை கட்டிப்போச்சு. பிப்ரவரி மாசம் ஒரு நாளு பொறுமை போயி, மல்லிகாவைப் பாம்பு கடிச்சதா நானே வாசிச்சுட்டேன். அதோட விட்டேனா? தலைமாட்டுல விளக்கேத்தி, பாடை கட்டி, சுடுகாடு வரைக்கும் கொண்டுபோயிச் சேர்த்துட்டேன். லைன் பொம்பளைங்க குழாயடியில நின்னு அழுதாளுங்க. அம்மாக்கண்ணு அன்னைக்கு வாங்கின கோழியைச் சமைக்கல. நானும் அப்பாடான்னு இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பரைக் கத்தரீன் டீச்சர் கேசட்டுல வாசிக்குது, மல்லிகாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு! வடிவு தீக்குச்சிப் பித்தானை அமுக்கி நிறுத்திட்டு, "ஏங்க, நீங்க எரிச்ச பிள்ளைக்கு எப்படிங்க வளையல் போடுறாங்க?"ன்னு கேக்குறா. நான், "அது வேற மல்லிகாவா இருக்கும்"னேன். "புருஷனும் அதேதான், மாமியாரும் அதேதான், இவ மட்டும் வேறயா?"ன்னா. அந்தக் கேசட்டை எங்கயாவது ஒளிச்சு வைக்கலாம்னு மெதுவா எடுத்தா, திரும்பிக்கூடப் பாக்காம, "அது செவ்வாய்க்கிழமைங்க, ஞாயிறு கீழ இருக்கு"ங்குறா. அதுக்குள்ள அம்மாக்கண்ணு வாசல்ல வந்து, "ஏண்ணே, என் கோழிக்கு என்னண்ணே பதிலு?"ன்னு நிக்குது. அஞ்சு லைனும் என்னைப் பாத்துச் சிரிக்குது.

இதோட போச்சுன்னா பரவாயில்ல. "கதையிலயே இப்படின்னா, எங்கண்ணன் கடுதாசியில என்னென்ன செஞ்சீங்களோ"ன்னு சொல்லிட்டு, உங்க கடுதாசியெல்லாம் இருக்கிற பிஸ்கட் டின்னைத் தூக்கித் தலைமாட்டுல வச்சுக்கிட்டா. வர்ற சனிக்கிழமை கத்தரீன் டீச்சர் வந்து அம்புட்டையும் வாசிச்சுக் கேசட்டு புடிக்கப் போகுது. மச்சான், அந்த டின்னுல உங்க மார்ச் மாசக் கடுதாசி இருக்கு.

ஒளிக்காமச் சொல்லிடுறேன். ஈப்போவுல கண்ணு தெரியாதவங்க சங்கத்துல மூணு மாசம் பயிற்சி, தடியைப் பிடிச்சுத் தனியா நடக்க, புள்ளி எழுத்தைத் தடவித் தானே படிக்கக் கத்துக்கொடுக்கிறாங்க, வடிவை அனுப்பி வை, நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னு எழுதியிருந்தீங்களே, அதை நான் வாசிக்கல. அதுக்குப் பதிலா, உங்க புது வீட்டுல மாமரம் பூத்திருக்குன்னு வாசிச்சேன். அவ ரொம்ப சந்தோஷப்பட்டு ரெண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னா, அப்ப காயும் காய்ச்சிருச்சு.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேப்பீங்க. மூணு மாசம் இந்த வீட்டுல நான் யாருகிட்ட பேசுறது மச்சான்? அவளே நடந்து, அவளே படிக்கக் கத்துக்கிட்டு வந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு அவளுக்கு? பேப்பரும் போச்சு, கடுதாசியும் போச்சுன்னா பக்கத்துல உக்கார எனக்கு என்ன சாக்கு இருக்கு? இதை அவகிட்ட நேர்ல கேக்க எனக்குத் தைரியம் இல்ல, அதான் மாமரத்தை நட்டுட்டேன். அடுப்புப் புகை கண்ணுல பட்டு எழுத்து ரெண்டு இடத்துல கலங்கியிருக்கு, மன்னிக்கவும்.

ஆகையால் தாங்கள் தயவுபண்ணி மார்ச் மாதத் தேதி போட்டுப் புதுசா ஒரு கடுதாசி எழுதித் தரணும். பயிற்சி, சங்கம், தடி எதுவும் வேணாம். மாமரம் மட்டும் மறந்துடாதீங்க. கோலா தெர்லாவுல முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டு ஈப்போவுக்குப் போற சூசைமுத்து லோரியில இதைக் கொடுத்தனுப்புறேன், தபால்ல போட்டா சனிக்கிழமைக்குள்ள பதில் வராது. வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வரும்போது புதுக் கடுதாசி வந்துட்டா, டின்னுல மாத்தி வச்சிடுவேன்.

முப்பது வருஷமா லைன்காரங்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தவன் நான். என்ன எழுதுறேன்னு அவங்களுக்குக் கேக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவேன், சொல்லலைன்னா கை ஓடாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடக் கூடாதேன்னு, பேப்பர் சத்தமாவது பாடட்டும்னு எழுத உக்காரும்போதே அந்தப் பெட்டியைப் போட்டு விட்டேன். சட்டைப் பட்டன் பித்தானோட சிவப்புப் பித்தானையும் சேர்த்து அமுக்குனேன், டீச்சர் அப்படி அமுக்குனதைப் பாத்திருக்கேன். கேசட்டு சுத்துது, சத்தம்தான் வரல. இந்த மழைக்குக் கெட்டுப்போச்சு போல. ஒரு வகையில நல்லதுதான், சனிக்கிழமை டீச்சருக்கும் வேலை மிச்சம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கள் குலம் வாழையடி வாழையாகத் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலையே நம்பியிருக்கும்
ரெங்கசாமி

பின்குறிப்பு: இதிலிருந்து வடிவு சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். ஒரு எழுத்து விட்டாலும் மாட்டிக்குவேன், பெட்டி பக்கத்துலயே ஓடுது.

அண்ணே, ஞாயித்துக்கிழமைக் கதையை இன்னொரு தரம் கேக்கலாம்னு போட்டேன். வளைகாப்பு அழிஞ்சுபோச்சு, அந்த இடத்துல இவரு மாமரம் நடுறாரு. முதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டேன், அம்மாக்கண்ணும் கேட்டுச்சு. அந்தக் கேசட்டையும் இதோட அனுப்புறேன், ஒத்துப் பாத்துக்கங்க.

மார்ச் மாசக் கடுதாசி விஷயம் எனக்கு அன்னைக்கே தெரியும். தாளு திருப்புன சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு, ஒரு பக்கத்துச் சேதிதான் வந்துச்சு. இவரே சொல்லுவாருன்னு அஞ்சு மாசமாக் காத்திருந்தேன். புதுக் கடுதாசி எழுத வேணாம். வெள்ளிக்கிழமை சூசைமுத்து இங்க வந்துட்டு மறுபடி ஈப்போவுக்குக் கிளம்பும்போது நாங்க ரெண்டு பேரும் அந்த லோரியிலயே வர்றோம். இவரு மூணு நாள் இருந்துட்டுத் திரும்பட்டும், நான் மூணு மாசம் இருந்து கத்துக்கிட்டு வர்றேன். பெட்டியை இவருக்கிட்டயே விட்டுட்டுப் போறேன், சிவப்புப் பித்தான் எதுக்குன்னு சொல்லிக் கொடுத்துட்டேன். வாரம் ஒரு கேசட்டு பேசி அனுப்பச் சொல்லியிருக்கேன், அதுலயும் யாரையாவது பாம்பு கடிச்சுது, நான் திரும்பி வரமாட்டேன். பக்கத்துல உக்காரச் சாக்கு வேணுமாமே இவருக்கு, எனக்கு வேணாம்னு எழுதச் சொல்லிட்டேன்.

அப்புறம் அந்த அடுப்புப் புகை. இன்னைக்குச் சமையல் அம்மாக்கண்ணு வீட்டுலண்ணே. நம்ம வீட்டுல காலையிலருந்து அடுப்பே பத்த வைக்கல.