வால் முளைத்த இதயம்

ஹார்டுவேர் கடையின் மாடிப்படியில் காலை ஆறு மணிக்கே வரிசை நின்றுவிடும். மேலே வாடகை ஹாலில் ஞானி இருக்கிறார். அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே ஓடும் ரத்தக்குழாய் அத்தனையும் எதிர்ச் சுவரிலுள்ள டிவியில் தெரியும். மிஷின் இல்லை, ஊசி இல்லை, ஒயர் இல்லை. அதாவது, ஞானிக்கும் டிவிக்கும் நடுவில் ஒயர் இல்லை. திரைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஞானியின் மச்சானுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனாக ஒன்று ஓடியது. அற்புதம் பார்க்க வந்தவர்கள் ஒயரையா பார்ப்பார்கள்?

“என் மாமியாருக்கு நாலு அடைப்பு. கை வெச்சாரு, ரெண்டாயிடுச்சு” என்றான் வரிசையில் நின்ற ஒரு மருமகன்.

“மீதி ரெண்டு?”

“அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு.”

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் தையல்காரியும் நின்றாள். பக்கத்தில் அவள் கணவர், மாப்புக்காரர். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தரை துடைப்பது அவர் வேலை; அங்கே வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மூன்று மாதமாக, நாலு படி ஏறினால் அவளுக்கு நெஞ்சை அழுத்துகிறது. இதய நாளத்தில் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று பெரிய டாக்டர் வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார். அதற்குள் ஞானியை ஓர் எட்டுப் பார்த்துவிடலாம் என்று இங்கே வந்திருந்தாள். நெஞ்சுவலிக்காரர்களை இரண்டு மாடி ஏறவைக்கிற வைத்தியம் இது. ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கும். அதைப் பார்த்தே ஞானி பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

ஹாலில் சட்டம் கடுமை. கட்டிலில் படுக்க வேண்டும். தலை முதல் கால் வரை நீலப் போர்வை. பேசக்கூடாது. நோயாளியின் பார்வை பட்டால் காட்சி கலங்கிவிடுமாம்.

ஞானி போர்வைமேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். டிவியில் சிவப்பாக ஒரு மரம் கிளைத்தது. மூன்று இடத்தில் கறுப்புப் புள்ளி. ஞானி உறுமினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

“கரைஞ்சிடுச்சும்மா. வியாழக்கிழமை போகாதே. திறந்த நாளத்துல குழாயை விட்டா அது கோவிச்சுக்கிட்டு மறுபடி மூடிக்கும்.”

ரத்தக்குழாய்க்கு ரோஷம் உண்டென்று மாப்புக்காரர் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அவள் இதயத்தின் படத்தை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் தையல் மிஷினுக்கு மேலே அதை மாட்டினாள். மாப்புக்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு கிளையின் நுனியில் பன்றிவால் மாதிரி மூன்று சுற்றுச் சுருள்.

அந்த வாலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடி போட்ட மேடத்தின் கணினியில் அதைத் தினமும் பார்க்கிறார். மேடத்தின் வேலையே ஆளில்லாத இதயம் செய்வதுதான். தண்டு, கிளை, குட்டிக் கிளை என்று ரத்தக்குழாய்களைக் கணினியிலேயே வளர்த்து, அடைப்பையும் தானே வைப்பார். ஸ்கேன் படம் பார்க்கும் புரோகிராம் அந்த அடைப்பைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்க அது உதவும். நிஜ நோயாளியின் படத்தோடு கலந்துவிடக் கூடாதே என்று, செய்கிற ஒவ்வொரு இதயத்துக்கும் ஒரு வால் வைத்துவிடுவார். வெளியூர் ஆராய்ச்சிக்காரர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்தப் படங்களை இணையத்தில் சும்மாவே போட்டும் வைத்திருந்தார். ஞானியின் மச்சான் ஆராய்ச்சிக்காரர் இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டான்.

“இது உன் இதயமே இல்லம்மா. எங்க மேடம் வரைஞ்சது.”

“உங்களுக்குத் தரை துடைக்கத் தெரியும். நாளம் பார்க்கத் தெரியுமா?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கப் பயமா இருக்குங்க. ஒருத்தர் நீ நல்லாருக்கேன்னு சொல்றாரு. சொல்லிட்டுப் போகட்டுமே.”

வியாழனுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேடத்திடம் சொன்னார். மேடம் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“வாலைக் காட்டினா நம்புவாங்களா அண்ணா?”

“மாட்டாங்க மேடம். ஞானி விட்ட வால்னு அதுக்கும் கும்பிடு போடுவாங்க. எனக்கு நம்ம பிளாஸ்டிக் நெஞ்சு வேணும். ஒரு மணி நேரம்.”

ஸ்கேன் மிஷினைச் சோதிக்க வைத்திருக்கும் பொம்மை அது. கழுத்து முதல் இடுப்பு வரைதான் இருக்கும். தொட்டால் மனிதச் சதை மாதிரி.

வீட்டில் மனைவியிடம், “நாளைக்கு ஒரே ஒரு தடவை என்கூட வா. அதுக்கப்புறமும் ஆஸ்பத்திரி வேண்டாம்னு தோணினா நான் வாயே திறக்கல” என்றார்.

புதன்கிழமை, மாப்புக்காரரும் மேடமும் தூக்க, போர்த்திய நீலப் போர்வையோடு ஒரு நாற்காலி மாடியேறியது; பின்னால் தையல்காரி. தலைக்கும் காலுக்கும் தலையணை. உடம்புச் சூடு தெரிய, நெஞ்சுக்குமேல் சுடுதண்ணீர்ப் பை. “எங்க பெரியப்பா. பேச்சு வராது” என்றார் மேடம். கட்டிலில் கிடத்தியதும் மாப்புக்காரர் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் பையை உருவிக்கொண்டார்.

ஞானி கை வைத்தார். கண்ணை மூடினார். மரம் கிளைத்தது.

“மூணு அடைப்பு. பெரியவர் எதையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கிறவர்.”

“ஆமாங்க. ஒரு வார்த்தை வெளிய வராது.”

“பிடிவாதக்காரர்.”

“ரொம்ப. வெச்ச இடத்தை விட்டு அசைய மாட்டார்.”

“துடிப்பு எப்படி இருக்கு சாமி?” என்று கேட்டார் மாப்புக்காரர்.

“குதிரை மாதிரி.”

மாப்புக்காரர் போர்வையை உருவினார்.

கட்டிலில் இரண்டு தலையணை, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நெஞ்சு. வரிசையிலிருந்து ஒரு குரல்: “பெரியப்பாவுக்குத் தலை எங்கேப்பா?”

“பிளாஸ்டிக்கிலயும் ஜீவன் உண்டு...” என்று தொடங்கினார் ஞானி.

“அந்த ஜீவனுக்கு மூணு அடைப்பா?” என்றார் மாப்புக்காரர். “உள்ளே ஓடுற ரத்தம் தெரியுதுங்கறீங்க. உள்ளே ஒண்ணுமே துடிக்கலங்கறது கைக்குத் தெரியலையா?” மனைவியின் படத்தை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். “எல்லாரும் அவங்கவங்க படத்தை எடுங்க. நுனியில பன்னிவால் இருக்கான்னு பாருங்க.”

உறைகள் சரசரத்தன. நாற்பது பேர், நாற்பது இதயம், ஒரே வால்.

“என் மாமியாருக்கும் இருக்கு” என்றான் அந்த மருமகன். “எனக்கு அப்பவே சந்தேகம்.”

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. மச்சான் ஒயரோடு பின்கதவைத் தேடினான். ஒயர் காலைச் சுற்றியதில் அவனுக்கு முன்னால் டிவி விழுந்தது. ஞானி வெறுங்காலோடு படியிறங்கினார். இறங்குவதற்கு மூச்சு வாங்காது.

தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ என்னோடது கரையலையா?”

“உன்னோடதை இதுவரைக்கும் யாரும் பார்க்கவே இல்லம்மா.”

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பயந்துகொண்டேதான் படுத்தாள். ஓர் அடைப்பு இருந்தது, பெரியது. சின்னக் கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டார்கள். திரையில் தன் ரத்தக்குழாயை அவள் நுனி நுனியாகத் தேடிப் பார்த்தாள்.

“என்னம்மா பார்க்கறீங்க?” என்றார் டாக்டர்.

“வால் இருக்கான்னு பார்க்கறேன் டாக்டர். இல்ல. அப்போ இது என்னோடதுதான்.”

அடுத்த தெருவில் இப்போது ஒருவர் மூச்சுக்காற்றை முகர்ந்தே சிறுநீரகம் பார்க்கிறாராம். காலை ஐந்துக்கே வரிசையாம். பிளாஸ்டிக் நெஞ்சுக்குத் தலை கிடையாது, அது கட்டிலில் படுத்ததை மன்னித்துவிடலாம். நாம் என்ன சாக்குச் சொல்லப் போகிறோம்?