குலுக்கல் பாயும் ஏழாம் நம்பர் பிளைண்டும்

தோற்பதற்காகவே சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, குளித்து, அறுபது மைல் காரோட்டிப் போய், ஒழுங்காகத் தோற்றுவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். டெக்சாஸ் மாநிலத்தில் கேட்டி என்கிற ஊரில், எங்கள் தெருவில் அவர் எட்டு வருஷம் குடியிருந்தார். கீழக்கரைக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிற வேலை. வாப்பாவும் உம்மாவும் வைத்த அழகான பெயர் ஒன்று அவருடைய டிரைவிங் லைசென்ஸில் இருந்தது. எங்களுக்கு அவர் குலுக்கல் பாய்.

எதற்கெடுத்தாலும் சீட்டுக் குலுக்குவார். ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்து முடிந்து அரை தேக்சா பிரியாணி மிஞ்சினால், அதை யார் எடுத்துப் போவது என்று நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் காரிலிருந்து ஒரு நீல பிஸ்கட் டின் வந்துவிடும். அமெரிக்காவில் எல்லாத் தமிழர் வீட்டிலும் அந்த டின்னில் ஊசி நூல்தான் இருக்கும். பாயின் டின்னில் எங்கள் பெயர்கள் எழுதிய சீட்டுகள் இருந்தன. ஒருமுறை என் மனைவி ரேவதி, தான் சமைத்த பிரியாணியின் மிச்சத்துக்குத் தானே சீட்டுப் போட்டுத் தோற்றாள். 

அந்த டின்னுக்கு ஒரே ஒரு விதிதான். "சாப்பிடப் போறவங்கதான் சீட்டு போடணும் சார்." சைவக்காரர்களுக்குச் சீட்டு கிடையாது. மறுநாள் இந்தியாவுக்கு விமானம் ஏறுகிறவர்களுக்குக் கிடையாது. நண்பருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று யாராவது தன் சீட்டையும் போட்டால், பாய் அதைப் பல்லில் அகப்பட்ட கல் மாதிரி தனியாக எடுத்து வெளியே வைத்துவிடுவார். ஆபீசுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து போகும் காரில் முன் சீட்டுக்கும் குலுக்கல் உண்டு. கார் அவருடையது. ஒரு நாள் யார் ஓட்டுவது என்பதற்கே குலுக்கினார். லைசென்ஸே இல்லாத ஒரு பயிற்சிப் பையனுக்கு விழுந்துவிட, அன்று எல்லோரும் லேட்.

நான் இதற்கு நேர் எதிர். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வளர்ந்த உடம்பு இது. வரிசை என்று ஒன்றைப் பார்த்தாலே அதன் பக்கவாட்டு வழி எங்கே என்றுதான் என் கண் தேடும். அதனாலேயே இந்த மனிதர் எனக்குப் புரியாத ஆச்சரியமாக இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இடியாப்பத்துக்கு வாத்து சால்னா போட்டார்கள். எந்தக் கடை என்று கேட்டேன்.

"கடையா? குலுக்கல்ல கிடைச்சது சார்."

அப்படித்தான் எனக்கு அந்த உலகம் தெரியவந்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்கும். லைசென்ஸ் உள்ள யாரும் போய்ச் சுடலாம். ஆனால் ஒளிந்து உட்காரும் இடங்கள் குறைவு. நாணலால் மறைத்துக் கட்டிய சின்னக் குடில்கள். அவற்றை பிளைண்ட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்த பிளைண்ட் யாருக்கு என்பது விடிவதற்கு முன், வாசலில் இருக்கும் செக்-போஸ்டில் குலுக்கிப் போட்டு முடிவாகும். நீங்கள் பெயர் எழுதிப் போட்ட கார்டு முதலில் வந்தால் பிடித்த நம்பரை எடுத்துக்கொள்ளலாம். வரவே இல்லையென்றால் ஸ்டாண்ட்பை வரிசையில் காத்திருக்க வேண்டும். உள்ளே போனவர்கள் யாராவது சீக்கிரம் கிளம்பினால் அந்த இடம் கிடைக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

வேடிக்கை பார்க்க ஒரு சனிக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். பாயின் பெரிய துப்பாக்கியும் என் பெரிய பிளாஸ்க்கும் பின் சீட்டில் படுத்து வந்தன. செக்-போஸ்டில் இலைதழைப் படம் போட்ட சட்டையில் நாற்பது ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே பாய், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்து, பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்தார். பச்சை ஜாக்கெட் போட்ட ஆபீசர் அம்மா கார்டுகள் போட்ட டிரம்மைச் சுற்றினார். பாயின் கார்டு கடைசிக்கு முன்னதாக வந்தது. ரோட்டோரமாகக் கிடந்த இருபத்திரண்டாம் நம்பர்தான் மிச்சம். அங்கே வாத்தைவிட லாரிகள் அதிகம்.

அன்று ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தியது. ஒரு பிளைண்டில் நாலு பேர் உட்காரலாம். நாலு பேரில் யார் கார்டு வந்தாலும் நாலு பேரும் சேர்ந்து போகலாம். சிலர் மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் தூக்கத்திலேயே அள்ளிக்கொண்டு வந்து கார்டு போடவைத்தார்கள். நம்பர் விழுந்ததும் அந்த மச்சான் டிரக்குக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். உட்காரப் போகிறவர்தான் கார்டு போட வேண்டும் என்பது அங்கே மரியாதைதானே தவிர, சட்டம் இல்லை. நானும் லைசென்ஸ் வாங்கிக்கொள்கிறேனே என்று பாயிடம் சொன்னேன். "நீங்க சுடப் போறதில்லையே சார்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

உள்ளே போன பிறகு வேறொரு சோதனை. ஒரு வாத்து தலைக்கு மேலேயே தாழப் பறந்து வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தமே இல்லை. கேட்டால், அது பக்கத்து பிளைண்ட்காரர் ஊதுகுழல் ஊதி வரவழைத்த வாத்தாம். அடுத்தவர் அழைத்த விருந்தாளியை நாம் சுடக் கூடாதாம். இன்னொன்று வந்தது, ரொம்ப உயரம், சுட்டால் அடிபட்டு எங்கோ போய் விழும், பாவம் என்று விட்டுவிட்டார். இப்படியே பார்த்தால் அந்தச் சால்னா வாத்து எப்படித்தான் அவர் கையில் சிக்கியது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத மர்மம்.

ஆனால் அவருக்கும் ஓர் ஆசை இருந்தது: ஏழாம் நம்பர். தண்ணீர் வளைந்து திரும்பும் முனையில், கிழக்கே பார்த்த பிளைண்ட். விடியும்போது வாத்துகள் அதன் முன்னால்தான் இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏழு சீசனாக அது அவருக்கு வாய்க்கவில்லை. செக்-போஸ்ட் சுவரில் ஒட்டிய வரைபடத்தில், மற்றவர்கள் காபி குடிக்கும் நேரத்தில், அவர் விரல் அந்த ஏழின் மேல் போய் நிற்கும். நான் எட்டு தடவை அவரோடு போயிருக்கிறேன். எட்டு தடவையும் பார்த்தேன்.

போன டிசம்பரில் கம்பெனி அவரை நியூ ஜெர்சிக்கு மாற்றியது. பிப்ரவரியில் மான்மவுத் ஜங்ஷனில் வீடு. ஜனவரியில் சீசனின் கடைசிச் சனிக்கிழமை. அதற்குமேல் ஏழாம் நம்பர் இல்லை.

என் கர்ச்சீப் புத்தி வேலை செய்தது. பாய்க்குத் தெரியாமல் தெருவில் மூன்று பேரைப் பிடித்தேன். மூவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை ஆன்லைனில் ஒரே மாலையில் முடித்தார்கள். மயிலாப்பூர் வெங்கி அதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, சான்றிதழை ரெஸ்யூமேயில் சேர்க்கலாமா என்று கேட்டான். பூண்டு வாசனைக்கே எழுந்து போகிறவன் அவன். நான்கு நாளில் மூவர் கையிலும் லைசென்ஸ்.

அந்தச் சனிக்கிழமை மூவரும் தனிக் காரில் வந்து வரிசையின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கார்டில் பாயின் பெயரையும் சேர்த்து ஒரே கோஷ்டி என்று எழுதிக் கொடுத்தாயிற்று. டிரம் சுற்றியது. முதல் கார்டு வெங்கியுடையது. ஆபீசர் அம்மா அவன் பெயரை மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்தார். வெங்கி நேராகப் போய், "செவன்" என்றான்.

பாய் திரும்பி வெங்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நான் கையைக்கூட லேசாக விரித்துவிட்டேன்.

"வெங்கி சார், நீங்க சுடப் போறீங்களா?"

"நான் கேக்கே எக்லெஸ்தான் சாப்பிடுவேன் பாய்."

பாய் அவன் கையிலிருந்த கார்டை மெதுவாக வாங்கினார். ஆபீசர் அம்மாவிடம் கொடுத்து, இவர்கள் உட்காரப் போகிறவர்கள் இல்லை, எனக்காகப் போட்ட சீட்டு இது, இந்தக் கோஷ்டியையே எடுத்துவிடுங்கள் என்று சொன்னார். லைசென்ஸ் சரியாக இருக்கிறது, விதிப்படி தப்பே இல்லை என்று அந்த அம்மா இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். பாய் கேட்கவில்லை. மூன்று பேருடைய கார்டோடு தன்னுடைய கார்டையும் வெளியே எடுக்கவைத்தார். வரிசையில் நின்ற சில மச்சான்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். டிரம் மறுபடி சுற்றியது. ஏழாம் நம்பர் ஓர் அப்பாவுக்கும் மகளுக்கும் போனது.

குலுக்கலில் இருந்த மற்ற எல்லோருக்கும் அன்று இடம் கிடைத்துவிட்டதால், ஸ்டாண்ட்பை வரிசையில் பாயின் பெயர்தான் முதலாவது. கார் பார்க்கிங்கில், பாயின் காருக்குள், ஐந்து தமிழர்கள் வெங்கி வீட்டுப் புளியோதரையோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஏழு வருஷ ஆசையை இப்படிக் கொட்டிக் கவிழ்த்துவிட்டீர்களே, உங்களுடைய சொந்த சீட்டையும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பாய் காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னாடி நியூ ஜெர்சில நாங்க நாலு பேரு ஒரே ரூம் சார். விசா லாட்டரிக்கு எனக்கு ஒரு கம்பெனி அப்ளை பண்ணாங்க. ஒருத்தனுக்கு மட்டும் மூணு கம்பெனி. ஆளு ஒண்ணு, சீட்டு மூணு. அவனுக்கு விழுந்துச்சு. எனக்கு விழல."

"அவர் மேல கோவமா பாய்?"

"ச்சே. நல்ல பையன். நான் ஊருக்குத் திரும்புனப்ப ஏர்போர்ட்டுக்கு அவன்தான் டிராப் பண்ணான்." ஒரு வாய் சாப்பிட்டார். "நேராக் குலுக்கி விழலன்னா நான் நிம்மதியாத் தூங்கிடுவேன் சார். இது நேராவே விழலையா, இல்ல அந்த எக்ஸ்ட்ரா ரெண்டு சீட்டு இடிச்சு விழலையான்னு மூணு வருஷம் கீழக்கரைல உக்காந்து யோசிச்சுட்டு இருந்தேன். இப்ப ஏழாம் நம்பர்ல போய் உக்காந்தா, இன்னொருத்தன் அந்த மாதிரி யோசிப்பான்ல."

வெங்கி தன் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தான். விசிலடித்துக்கொண்டு தோற்கிற மனிதரின் ரகசியம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எட்டு வருஷம் அவரைக் கிறுக்கு என்று நினைத்துச் சிரித்ததற்கு மனசு கஷ்டமாக இருந்தது.

பத்தரை மணிக்கு அந்த அப்பாவும் மகளும் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்கள். அனுமதித்த அளவு வாத்து கிடைத்துவிட்டதாம். ஸ்டாண்ட்பையில் முதல் ஆளுக்கு ஏழாம் நம்பர் என்று ஆபீசர் அம்மா அறிவித்தார். பாய் எழுந்த வேகத்தில் புளியோதரைத் தட்டு என் மடியில் விழுந்தது.

நானும் அவரும் முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நடந்தோம். பதினொரு மணி வெயிலில் ஒரு வாத்துகூட இல்லை. இறங்க வேண்டியவையெல்லாம் விடிகாலையிலேயே இறங்கிப் போய்விட்டன. பாய் முதல் காரியமாக, முந்தைய ஆட்கள் எத்தனையோ நாளாக விட்டுப்போன காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். நாணலை நிமிர்த்திக் கட்டினார். பெஞ்சைத் துடைத்தார். அப்புறம் உட்கார்ந்து, தண்ணீர் திரும்புகிற முனையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வரைபடத்தில் விரலால் தொட்ட இடத்தில் இப்போது அவரே இருந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரே ஒரு வாத்து வளைந்து, தாழ்ந்து, எங்களுக்கு நேராக வந்தது. நான் காதைப் பொத்தினேன். பாய் துப்பாக்கியைத் தூக்கி, பாதியில் இறக்கினார்.

"எட்டாம் நம்பர் கூப்டது சார்."

தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அறுபது மைலும் அவர் விசிலடித்தார்.

ஊரைவிட்டுப் போவதற்கு முதல் நாள், நீல டின் யாருக்கு என்று அந்த டின்னிலேயே குலுக்கினார். எனக்கு விழுந்தது. அதில் நான் ஜெயித்த முதல் பொருள் அதுதான். சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது அவருடையதும் உள்ளே கிடந்தது; அவசரத்தில் எடுக்க மறந்திருந்தார். நாங்களும் எடுக்கவில்லை.

போன மாதப் பாட்லக்கில் ரேவதியின் பிரியாணி மிஞ்சியது. வெங்கி சீட்டை எடுத்துப் பிரித்தான். 'பாய்' என்று அவருடைய கோணல் கையெழுத்து. மறுபடி குலுக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ரேவதி அதை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். சாப்பிடப் போகிறவர்தான் சீட்டுப் போட வேண்டும் என்ற விதியை நாங்கள் மீறுவது அந்த ஒரு சீட்டில் மட்டும்தான். பாய்க்குத் தெரிந்தால் சத்தம் போடுவார். நேரில் வந்து போடட்டும்.