மாஷிமாவின் தங்கத் தட்டும் ஓர் உருண்டைப் புளியும்

எனக்குப் பாட வராது. குளியலறையில் முணுமுணுத்தால்கூட மனைவி வித்யா கதவைத் தட்டி, "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்பாள். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில், அமோகமாக விற்ற பாடல்களுக்காக இசைத்தட்டுக் கம்பெனிகள் பாடகர்களுக்குக் கொடுத்த விருதுகள் மூன்று தொங்குகின்றன. கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க முலாம் பூசிய தட்டு, கீழே பாடியவர் பெயர். எல்லாம் பழைய சாமான் கடைகளில் பிடித்தவை. (அடுத்தவர் கீர்த்தியை மாட்டி வைப்பதில் தனிச் சுகம்.)

இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. வேலைக்காக வங்காளம் வந்த புதிதில், டாலிகஞ்ச் கடை ஒன்றில் நான் வாங்கிய முதல் தட்டு. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் பீற்றிக்கொண்டேன். நான்காம் நாள் வங்காள மொழியில் ஒரு வயதான பெண் குரல் போன் செய்தது.

"அது என்னோடது, பாபா. அலிப்பூர் வீட்டைக் காலி பண்ணப்போ பையன் தெரியாம தள்ளிட்டான். திருப்பிக் கேக்கல. ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

"கொலுவுக்கு வாங்க, மாஷிமா" என்றேன். (வங்காளத்தில் பெரியம்மா, சித்தி எல்லாருமே மாஷிமாதான்.)

அவர் வரும் நாள் பார்த்து, தட்டு மங்கலாகத் தெரிந்தது. பாடியவரே வரும்போது இப்படியா? வித்யா குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மூளை வேலை செய்தது. (அந்த நேரங்களில் யாராவது என் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.) சட்டத்தைப் பிரித்து, புளியும் தேங்காய் நாருமாக ஒரு தேய் தேய்த்தேன். முலாம் மொத்தமும் தண்ணீரோடு போய், தட்டு எவர்சில்வர் தாம்பாளம் மாதிரி வெள்ளையாக மின்னியது.

வித்யா எட்டிப் பார்த்தாள். "விளக்குன்னு நெனச்சீங்களா?"

அழைப்பு மணி அடித்தது.

மாஷிமாவுக்கு இரண்டு கிண்ணம் சுண்டல் கொடுத்து இழுத்தடித்தேன். மூன்றாவது கிண்ணத்தைத் தள்ளிவைத்து, "தட்டு எங்கே?" என்றார். நீட்டினேன். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குக் குடுத்தது தங்கம். இது பிளாட்டினமாச்சே?" (இந்த விருதுகளில் தங்கத்துக்கு ஒரு படி மேல் பிளாட்டினம், வெள்ளையாக இருக்கும்.)

புளியை ஒப்புக்கொண்டேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அவரோ தோளிலிருந்து சேலை நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

"பிளாட்டினத்துக்காக எத்தனை வருஷம் கம்பெனி வாசல்ல காத்திருந்தேன். உன் வீட்டுக்கு வந்திருக்கலாம்." போகும்போது தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டார். "தங்கம்னா வேண்டாம்னுதான் வந்தேன். இது எனக்கு வேணும்."

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஆண்டுதோறும் பதவி உயர்வுப் பட்டியல் வரும். என் பெயர் இருக்காது. வாடிய முகத்தோடு செருப்பைக் கழற்றும்போதே சமையலறையிலிருந்து வித்யாவின் குரல் கேட்கும்.

"ஏங்க, புளி ஊற வைக்கட்டுமா?"