மாப்பிள்ளை போட்டோவை நானே ஸ்கேன் பண்ணினேன்

ஸ்கேனர் மாதிரி நேர்மையான மெஷின் கிடையாது. கண்ணாடி மேல் எதை வைத்தாலும் உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுத்துவிடும். அதுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை, அதுவும் புதிதாக நாலு சொல் படித்த ஆளை உட்கார வைக்கும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் அப்படி உட்கார்ந்திருந்த ஆள் நான்.

கப்பலில் வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் கஸ்டம்ஸ் காகிதம் தயார் பண்ணுவது எங்கள் ஆபீஸ் வேலை. காலையில் வந்ததும் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். பில்லை வைக்கணும், பட்டனை அமுக்கணும், அனுப்பணும். அப்படியே இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஒரு மதியம், கப்பல் தாமதமாகி வேலை இல்லாமல் கிடந்தபோது, மெஷினோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்துத் தொலைத்தேன்.

டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. புள்ளி கூடக் கூட படம் துல்லியமாகும், ஃபைலும் கனத்துப் போகும். திரையில் தெரிகிற நிறமெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சத்தின் கலவை, அதுக்குப் பேர் ஆர்ஜிபி. பேப்பரில் விழுவது மை, அதனால் அங்கே கணக்கே வேறு, சிஎம்ஒய்கே. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றையிலிருந்து என் வாய் நிற்கவில்லை. டீ கொஞ்சம் வெளிறி இருந்தால் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, இன்னைக்கு சாச்சுரேஷன் கம்மி" என்பேன். (அதற்குப் பிறகு எனக்கு டீ எப்போதும் கடைசியாகத்தான் வரும்.)

அந்தச் சமயம் பார்த்து வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் நல்ல கறுப்பு. அம்மாவிடம் கேட்டால் மாநிறம் என்பாள், அது பெத்த பாசம். ஏற்கெனவே சில இடங்களில் என்னைப் பார்த்துவிட்டு, "பிறகு சொல்லுதோம்" என்று சொல்லிப் போனவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்போதுதான் நாசரேத்திலிருந்து எப்சிபாவின் போட்டோ வந்தது. பள்ளிக்கூட டீச்சர். சிரிக்கச் சொன்ன போட்டோக்காரரை முறைத்துப் பார்த்தபடி எடுத்த படம். அந்த முறைப்பு எனக்கு அப்படியே பிடித்துப் போயிற்று. "இது அமையலேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று பியூலா அக்காவிடம் சொன்னேன். (என்னமோ வாசல்ல பொண்ணுங்க வரிசையில நிக்க மாதிரி!)

பதிலுக்கு என் போட்டோவை அனுப்பணும். வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு பிரிண்ட் இருந்தது.

"ஏலே செல்வின், அத போன்ல ஒரு படம் புடிச்சு அனுப்பிருல" என்றாள் அம்மா.

"போட்டோவையே போட்டோ எடுத்தா குவாலிட்டி போயிரும்மா. முறையா ஸ்கேன் பண்ணணும்" என்றேன். என் வாயில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

ஆபீஸுக்குக் கொண்டுபோய், ஆயிரத்து இருநூறு டிபிஐயில் ஸ்கேன் பண்ணினேன். முகத்தில் இருந்த பருத்தழும்பு ஒவ்வொன்றும் உப்பளத்துப் பாத்தி மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. அடுத்து ஹிஸ்டோகிராமைத் திறந்தேன். படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று காட்டுகிற வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. நல்ல படத்தில் அது இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பரவியிருக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. என்னுடையதில் என் முகம் முழுக்க இடது பக்கம் குவிந்து கிடந்தது. சட்டையும் பின்னணியும் வலது ஓரத்தில் தனியாக நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை.

'ஆகா, படத்தில் குறை இருக்கிறது' என்று முடிவு கட்டினேன். நான் வெள்ளையாக ஆசைப்படவில்லை, வரைபடத்தைத்தான் சரி செய்கிறேன் என்று எனக்கு நானே சத்தியம் வேறு பண்ணிக்கொண்டேன். வெளிச்சத்தைக் கூட்டுகிற ஸ்லைடரைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளினேன். முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், கோதுமை நிறம் வந்தது. கை நிற்குமா? கடைசியில் வெள்ளைச் சட்டையும் வெளிர் நீலப் பின்னணியும் ஒன்றாகக் கலந்து, கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஒரு தலை மட்டும் மிதந்தது.

ஃபைலோ இமாலய கனம், போனில் போக மாட்டேன் என்றது. எழுபத்திரண்டு டிபிஐக்கு இறக்கினேன். கட்டம் கட்டமாகத் தெரிந்ததை மழுப்பினேன். அந்த மழுப்பலில் என் மீசையும் போயிற்று. நல்ல சிவப்பாக, மழமழவென்று, சாந்தமான ஒரு ஆள் திரையில் இருந்தார். பார்த்தால் யாரோ தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. யார் என்று தோன்றவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. போட்டோ பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள் என்றார்கள். அம்மா அழுதுவிட்டாள். "பாத்தியாம்மா, டெக்னாலஜி" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்பா, அம்மா, அக்கா, அவள் பிள்ளைகள் என்று எல்லோரும் கிளம்பினோம். அக்காவின் வீட்டுக்காரர் டேனியல் அத்தான்தான் கார் ஓட்டினார். அத்தானைப் பற்றிச் சொல்லணும். மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஏசியிலேயே இருக்கிற உடம்பு. நல்ல சிவப்பு. மீசை கிடையாது. சாந்தமான முகம். (இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு அப்போ புரியல.) ஆழ்வார்திருநகரி தாண்டியதும் எப்சிபாவின் போட்டோவை எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

நாசரேத்தில் வீட்டு வாசலிலேயே எப்சிபாவின் அப்பா நின்றார். ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடும். இறங்கியதும் நேராக வந்து அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டு மூத்த மருமகனுக்கு முதல் மரியாதை கொடுப்பது வழக்கம்தானே, எங்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. நான் பழத்தட்டு, பூ, பலகாரப் பை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடைசியாக வந்தேன். "தம்பி, அத அங்கன வச்சிட்டு நீங்களும் உக்காருங்க" என்றார் சார்வாள். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் சபையின் பாஸ்டரய்யாவும் வந்திருந்தார். "பேச்சுக்கு முந்தி ஒரு வார்த்தை ஜெபிச்சிருவோம்" என்றார். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினோம். எங்கள் வீடுகளில் ஜெபம் ஆரம்பித்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் ஆமென் வரை ஒருத்தரும் அசையக் கூடாது. இது சிறு வயதிலேயே தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கப்பட்ட ஒழுக்கம்.

"ஆண்டவரே, இந்தத் தம்பிக்கு ஏற்ற துணையைத் தேடி இந்த வீட்டுக்கு வரப் பண்ணினீரே, ஸ்தோத்திரம்" என்று குரல் கேட்டது. என் தலையில் கை விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். பாஸ்டரய்யாவின் கை அத்தான் தலையில் இருந்தது.

அத்தான் பாவம், விருந்தாளிகளுக்காகப் பண்ணுகிற பொது ஜெபம் என்று நினைத்துப் பக்தியோடு குனிந்து நின்றார். "இத்தனை நாள் தனிமையாய் இருந்த இந்த வாலிபனுக்கு" என்று வந்ததும் அவர் கண் திறந்துகொண்டது. நகரப் பார்த்தார். பாஸ்டரய்யா விடுவதாக இல்லை, இன்னும் அழுத்திப் பிடித்தார். அக்கா இரண்டு கண்ணையும் திறந்து, புருஷனையும் பாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீர் முட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு, பாஸ்டரய்யா ஜெபத்தை இன்னும் நீட்டினார். "பிள்ளைச் செல்வத்தால் இவரை நிறைத்தருளும்" என்றபோது அத்தானின் பிள்ளைகள் இரண்டும் காருக்குள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தன.

எல்லோரும் ஆமென் சொன்னோம், அக்காவைத் தவிர.

"பாஸ்டரய்யா, இது என் வீட்டுக்காரரு" என்றாள்.

"அப்போ மாப்ள?" என்றார் சார்வாள். அம்மாவின் விரல் என்னைக் காட்டியது.

சார்வாள் கண்ணாடியை மாட்டினார். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான் சார்வாள்."

"தம்பி, கறுப்பு ஒண்ணும் குத்தமில்ல. நானும் கறுப்புதான். வேற ஆளக் காட்டியா எங்களச் சம்மதிக்க வைக்கணும்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கணும். "வேற ஆளு இல்ல சார்வாள். ஹிஸ்டோகிராம் இடது பக்கம் குவிஞ்சிருந்துச்சு" என்று ஆரம்பித்து, அதைக் காற்றில் வரைந்து வேறு காட்டினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாஸ்டரய்யா ஒருவர்தான் ஆர்வமாக, "அதென்ன தம்பி டிபிஐ?" என்று கேட்டார். நானும் சொன்னேன். அறிவு இருக்கிறவன் சொல்லுவானா?

சார்வாள் பொறுமையாகக் கேட்டார். "இடது பக்கம்னா என்ன?"

"இருட்டு."

"உங்க நிறம் இருட்டுதான?"

"ஆமா."

"அப்போ அது அங்கன குவியுததுதான சரி? ஒரு பையன் நாப்பது மார்க் எடுத்தா நாப்பதுதான் போடணும். மார்க் எல்லாம் பரவலா வரணும்னு தொண்ணூறா திருத்துவியளா?"

அந்தக் கையேட்டில் இந்தக் கேள்வி இல்லவே இல்லை. "கிளம்புவோம்" என்று என் அப்பா எழுந்தார். அவ்வளவுதான், எப்சிபா கிடைக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிட அந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

அப்போது எப்சிபா காபித் தட்டோடு வந்தாள். யாரிடமும் கேட்காமல் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"ஏளா, உள்ள போ" என்றார் அவள் அம்மா.

"இருங்கம்மா. அப்பா, அந்தப் படத்துல முகமே தெரியல. அதான் நேர்ல பாத்துக்கிடுவோம்னு நான் வரச் சொன்னேன். சிவப்பா இருக்காருன்னு சந்தோசப்பட்டது நீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். போட்டோவில் பார்த்த அதே முறைப்பு. "வெள்ளையாத் தெரியணும்னு ஆசையாக்கும்?"

"ஆமா."

"எதுக்கு?"

"உங்க போட்டோ எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நீங்களும் வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

மாசக்கணக்கில் நான் ஒரு டெக்னிக்கல் வார்த்தை கலக்காமல் பேசியது அன்றைக்குத்தான் என்று அக்கா இன்றும் சொல்லுவாள்.

"இத அந்தப் போட்டோவுக்குக் கீழ எழுதி அனுப்பிருக்கலாம்லா" என்றாள் எப்சிபா. "காபி எடுத்துக்கிடுங்க. ஆறுது."

சார்வாள் மகளைப் பார்த்தார். பிறகு, "பாஸ்டரய்யா, இன்னொரு தடவ ஜெபிக்கணுமே" என்றார். பாஸ்டரய்யா சூடுபட்ட மனுஷர். "முதல்ல மாப்ள யாரு, கையத் தூக்குங்க" என்றார். காபி டம்ளரோடு தூக்கினேன். இந்த ஜெபம் ரொம்பச் சின்னது. கேட்கவேண்டியதையெல்லாம் முந்தின ஜெபத்திலேயே கேட்டுவிட்டாராம். அத்தான் ரெண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

கல்யாணத்தன்று கோயிலில் தாலி எடுத்துக் கொடுக்கிறதுக்கு முன்னால் அதே பாஸ்டரய்யா நின்று, "செல்வின்ங்கிறது நீங்கதான?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். சபை முழுக்கச் சிரித்தது. அத்தான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு ஒரு மகள். என்னை அப்படியே உரித்து வைத்த நிறம். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு சொந்தக்காரம்மா, "எல்லாம் சரி, நிறம் மட்டும் கொஞ்சம் கம்மியோ?" என்று இழுத்தாள். பிள்ளை பெற்ற அசதியிலும் எப்சிபா கண்ணைத் திறந்து, "இது ஒரிஜினல். இதுல எதையும் தொடல" என்றாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

போன மாசம் அந்த மகளைப் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எடுத்து முடித்ததும் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே, "கொஞ்சம் பிரைட்டாக்கிரட்டா பாப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் சொன்னாள்: "வேண்டாம் அங்கிள். எங்கப்பா அப்படி ஆக்கித்தான் எங்க டேனியல் மாமாவுக்கு ரெண்டாவது கல்யாணம் நடக்கப் பாத்துச்சு."

ஸ்டுடியோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.